சில்லறையில் பிறந்த பொருள்

சந்தைக்கு வரும் பெரும்பாலான பொருள்களுக்கு விலை கடைசியில்தான் பிறக்கிறது. பொருளைச் செய்து முடிப்பார்கள், பெயர் வைப்பார்கள், பெட்டியில் போடுவார்கள். அதுவரை ஆன செலவையெல்லாம் கூட்டி, அதன்மேல் லாபம் வைத்து, வருகிற தொகையை அட்டையில் அச்சடிப்பார்கள். இது அடக்க விலையிலிருந்து மேலே ஏறும் வழி. இதற்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே இறங்கும் வழியும் ஒன்று உண்டு. வாங்குபவரின் மடியில் எவ்வளவு காசு இருக்கிறது என்று முதலில் பார்ப்பது; அதிலிருந்து வரியையும், கடைக்காரரின் பங்கையும், தன் லாபத்தையும் கழிப்பது; மிஞ்சிய தொகைக்குள் எதைச் செய்ய முடியுமோ அதைச் செய்வது. ஜப்பானில் டொயோட்டா போன்ற நிறுவனங்கள் இதை ‘இலக்கு அடக்க விலை’ என்று முறைப்படுத்தி வளர்த்தன. தமிழ்நாட்டில் இந்த முறைக்குப் பெயர் எதுவும் வைக்காமலேயே கடலூரில் ஒரு குடும்பம் அதைச் செய்து காட்டியது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட் அப்படி வந்ததுதான்.

பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம் என்று சந்தைப்படுத்தலை நான்காகப் பிரித்துச் சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி. 1960இல் வந்த அவருடைய பாடநூலுக்குப் பிறகு மேலாண்மைக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இந்த நான்கும் தனித்தனி அத்தியாயங்களாகிவிட்டன. பாடம் நடத்த அது வசதி. ஆனால் ஷாம்பு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நான்கையும் பிரிக்க முடிவதில்லை. அதன் விலைதான் அதன் அளவு. அதன் அளவால்தான் பெட்டிக்கடையில் அதற்கு இடம் கிடைத்தது. அந்தக் கடையில் தொங்குவதே அதற்குப் பாதி விளம்பரம்.

கடலூர்க் கணக்கு

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறிய அளவில் மருந்துப் பொருள்களைப் பொட்டலமிட்டு விற்றுவந்தவர். முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே கிடைத்த காலத்தில் 100 கிராம், 50 கிராம், 20 கிராம் என்று சிறிய பாக்கெட்டுகளில் போட்டு விற்றார். எப்சம் உப்பையும் அப்படியே சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கினார். வசதி உள்ளவர் வாங்கும் எதையும் கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வருங்காலம் பாக்கெட்டுக்குத்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார் என்று அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் தந்தைக்கு யோசனை கைவந்த அளவுக்கு விற்பனை கைவரவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு மூத்த மகன்கள் ‘வெல்வெட்’ என்ற பெயரில் ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். தென்னிந்தியாவில் ஷாம்பு பாக்கெட் என்றாலே வெல்வெட் என்று சில ஆண்டுகள் இருந்தது.

ரங்கநாதன் அந்தக் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 15,000 ரூபாய் முதலுடன் 1983இல் தனியாகத் தொடங்கினார். அவரும் செய்தது ஷாம்பு பாக்கெட்தான். அதற்கு அப்பா பெயரின் எழுத்துகளைச் சுருக்கி ‘சிக்’ என்று பெயர் வைத்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஷாம்பு புதுப் பொருள் அல்ல. கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் புட்டியிலும் நகரத்துக் கடைகளில் அது ஏற்கெனவே இருந்தது. அதே திரவத்தைச் சின்ன உறையில் ஊற்றினால் போதும், இதில் புதிதாக உருவாக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

புட்டியை வாங்குபவர் தன் வீட்டுக் குளியலறையில், தேவையான அளவைக் கையில் ஊற்றிக்கொள்வார். பாக்கெட்டை வாங்குபவர் ஆற்றங்கரையிலோ பம்ப்செட்டிலோ தெருக்குழாயடியிலோ குளிப்பவர். கை ஈரமாக இருக்கும். உறையைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார். கிழித்த வேகத்தில் உள்ளே இருப்பது சிதறிவிடக் கூடாது. திரவம் தண்ணீராக இருந்தால் பாதி தரைக்குப் போகும். மிகவும் கெட்டியாக இருந்தால் பாதி உறையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவில் நுரை தரும் சோடியம் லாரத் சல்பேட் கரைசலில் சாதாரண உப்பைச் சேர்த்தால் ஓர் அளவுவரை கெட்டிப்படும். அந்த அளவைத் தாண்டினால் மறுபடி இளகிவிடும். விலை குறைந்த இந்த உப்பைக் கொண்டு பதம் பிடிப்பது ஷாம்பு தயாரிப்பின் அடிப்படைக் கைவேலைகளில் ஒன்று. பாக்கெட்டின் பதம் புட்டியின் பதமாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தலை. எண்ணெய் வைத்த தலையில் முதல் தேய்ப்பில் நுரை வராது. கிணறும் ஆழ்துளைக் குழாயும் தரும் கடினநீரில் சோப்பு திரிந்து தலையில் பிசுபிசுக்கும். ஷாம்பு அப்படித் திரியாது என்பதே அதன் பெரிய பலம். ஆனாலும் இடுப்புவரை கூந்தல் உள்ள ஒரு பெண்ணின் ஒரு குளியலுக்கு ஒரு பாக்கெட் போதும்படி இருக்க வேண்டும். போதாமல் இரண்டாவது பாக்கெட்டைக் கிழிக்க நேர்ந்தால் விலை இரட்டிப்பாகிவிடும். அதைவிட வீட்டில் இருக்கும் சீயக்காயும் அரப்பும் மேல் என்று அவர் போய்விடுவார். சிக் ஷாம்புவின் உண்மையான போட்டியாளர் இன்னொரு ஷாம்பு அல்ல. வீட்டில் அரைத்த சீயக்காய்த் தூளும், துணிக்கும் தலைக்கும் ஒன்றாகப் போட்ட பார் சோப்பும்தான்.

மூன்றாவது உறை. அது பல அடுக்குகள் ஒட்டிய மெல்லிய தாள். வெளியே அச்சு ஏற்கும் பாலியெஸ்டர், உள்ளே சூட்டில் ஒட்டும் பாலிதீன். சுருளாக வரும் இந்தத் தாளை இயந்திரமே மடித்து, ஓரத்தை ஒட்டி, அளந்து ஊற்றி, மேலேயும் ஒட்டி, சரமாக வெளியே தள்ளும். ஓர் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஒழுகுவது ஒரு பாக்கெட்தான். கெடுவது சரம் முழுவதும். கடைக்காரர் அந்தச் சரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த முறை வேறு சரத்தைத் தொங்கவிடுவார்.

கடையில் கேட்கும் பெயர்

பெரிய அங்காடியில் வாங்குபவர் பொருளைத் தானே எடுக்கிறார். பெட்டிக்கடையிலும் அண்ணாச்சி கடையிலும் அவர் கேட்டால்தான் பொருள் வரும். எனவே அங்கே பெயர் என்பது வாயில் சொல்வதற்கானது. “அண்ணாச்சி, சிக் ரெண்டு” என்று ஒரு சிறுமி வந்து சொல்லிவிட முடிகிற பெயர் அது. ஒரே அசை, தமிழ் நாவுக்கு இடறாத ஒலி. நீளமான ஆங்கிலப் பெயர்கள் இந்த இடத்தில் தோற்றுப்போகும். பெயர் நினைவுக்கு வராதவர் நிறத்தைச் சொல்லிக் கேட்பார்: பச்சை பாக்கெட், கறுப்பு பாக்கெட். அதனால்தான் பாக்கெட்டில் விற்பவர்கள் நிறத்தை எளிதில் மாற்றுவதில்லை. போலி செய்பவர்கள் முதலில் திருடுவதும் நிறத்தைத்தான்.

பெயரைப் பதிவு செய்தால் சட்டத்தின் காவல் கிடைக்கும். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி ஒரு பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 10 ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பொருளின் குணத்தை மட்டும் விவரிக்கும் சொல்லைத் தனியுடைமையாகப் பதிவது கடினம். ‘நல்ல ஷாம்பு’ என்பதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ‘சிக்’ என்பதைக் கொண்டாடலாம். ஆனால் சட்டம் தருவது வேலிதான். வேலிக்குள் பயிர் வைக்க வேண்டியது வியாபாரியின் வேலை.

சிக் அதற்கு மூன்று காரியங்கள் செய்தது. முதலாவது, தொட்டுப் பார்க்க வைத்தது. நிறுவனத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், கூட்டத்தில் ஒரு பையனை அழைத்து, எல்லார் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, காய்ந்த தலைமுடியைச் சுற்றி நின்றவர்கள் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். ஷாம்பு போட்டால் முடி கொட்டும், கண் எரியும் என்று பயந்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இரண்டாவது, காலிப் பாக்கெட் மாற்றுத் திட்டம். எந்த நிறுவனத்தின் பாக்கெட்டாக இருந்தாலும் காலியானவை 5 கொண்டுவந்து கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். இந்தத் திட்டத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சீயக்காய்க்காரரை ஷாம்புவுக்குத் திருப்பும் செலவைப் போட்டியாளர் ஏற்கெனவே செய்திருந்தார். ஷாம்பு வாங்கிப் பழகியவர் யார் என்பதை அவர் கையில் இருக்கும் காலிப் பாக்கெட்டே காட்டிக்கொடுத்தது. அந்த ஆளுக்கு மட்டும் மாதிரி கொடுத்தால் போதும். ஊருக்கெல்லாம் இலவசம் இறைக்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் போனதும் விதி மாறியது. இனி சிக்கின் காலிப் பாக்கெட் மட்டுமே செல்லும். அதற்குள் வாடிக்கையாளர் சிக்கைக் கேட்டு வாங்கப் பழகியிருந்தார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை இந்தத் திட்டத்தால் 12 லட்சம் ரூபாய்க்கு உயர்ந்தது என்பது ரங்கநாதனே பேட்டியில் சொன்ன கணக்கு.

மூன்றாவது, மணம். மல்லிகை, ரோஜா என்று இரண்டு மணங்களில் சிக் வந்தது. தலையில் மல்லிகை வைப்பது அன்றாட வழக்கமாக உள்ள ஊரில், அந்த மணம் ஷாம்புவில் வருவது புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. இருக்கிற ஆசையோடு ஒட்டிக்கொண்டது. பூ வாங்காத நாளிலும் கூந்தலில் பூ மணம் இருந்தது. அப்போது திரையில் உச்சத்தில் இருந்த நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். விற்பனை மாதம் ஒரு கோடி ரூபாயைத் தொட்டது. கடையில் கேட்பவர் குறைந்த விலையைக் கேட்கவில்லை. மல்லிகை மணத்தைக் கேட்டார், அமலா போட்ட ஷாம்புவைக் கேட்டார். விலை குறைவு என்பது அவரை உள்ளே விட்ட கதவு மட்டுமே. இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றினாலும், மலிவுப் பொருள்கள் பல பிழைத்ததும் பல மடிந்ததும் இதனால்தான்.

நிறுவனம் வளர்ந்தபோது இன்னொரு கேள்வி வந்தது. வெற்றி பெற்ற ‘சிக்’ என்ற பெயரையே அடுத்த பொருள்களுக்கும் வைப்பதா, புதுப் பெயர் வைப்பதா? ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் விரித்தால் விளம்பரச் செலவு மிச்சம். ஆனால் சிக் என்றால் நுரையும் பூ மணமும் உள்ள ஷாம்பு என்று மனத்தில் பதிந்துவிட்டது. சீயக்காயை விடாமல் பிடித்திருப்பவரிடம் அந்தப் பெயரோடு போனால் நம்பமாட்டார். ஆகவே மூலிகைத் தூளுக்கு ‘மீரா’, சீயக்காய் ஷாம்புவுக்கு ‘கார்த்திகா’ என்று வீடுகளில் வழங்கும் பெண் பெயர்கள் வந்தன. நிறுவனத்தின் பெயரும் 1998இல் ‘கெவின்கேர்’ என்று மாறியது. அழகு என்ற பொருளில் வரும் ‘கவின்’ என்ற தமிழ்ச் சொல் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்துகளாக நிற்கும் ‘சி’யும் ‘கே’யும் சின்னி கிருஷ்ணனின் முதலெழுத்துகள்.

ஒரு ரூபாய்க்குள் எத்தனை பேர்

1999இல் சிக் 50 பைசாவுக்கு வந்தது. இந்த ஒரு முடிவில்தான் விலை நிர்ணயத்தின் முழுப் பாடமும் இருக்கிறது.

காலணிக் கடைகளில் 199 ரூபாய் 95 பைசா என்ற மாதிரி விலைகளைப் பார்க்கலாம். 200-ஐவிடக் குறைவு என்று கண்ணை நம்பவைக்கும் உத்தி அது. பாட்டா நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. பெட்டிக்கடையில் இந்த உத்திக்கு இடமே இல்லை. அங்கே 49 பைசா என்ற விலை 50 பைசாவைவிட மோசமானது. ஏனென்றால் மீதி ஒரு பைசாவை யாராலும் கொடுக்க முடியாது. நாணயச்சாலை எந்த நாணயத்தை அடிக்கிறதோ, அந்த விலையில்தான் பாக்கெட் பிறக்க முடியும். 25 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று அதன் படிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பெரிய இடைவெளி. ஒரு ரூபாய்ப் பொருளை அடுத்த படிக்கு ஏற்றினால் விலை 100 சதவீதம் உயர்ந்துவிடும். புட்டிக்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் 142 ரூபாயை 145 ஆக்கிவிட்டுப் போகலாம்.

ஒரு ரூபாய் பாக்கெட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரியும் உட்பட. வரி 5 சதவீதம் என்றால் ஒரு ரூபாயில் ஏறத்தாழ 4.76 பைசா அரசுக்கு. கடைக்காரருக்கு 10 பைசா, ஊர் விநியோகஸ்தருக்கு 5 பைசா என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் நிறுவனத்துக்கு வருவது சுமார் 80 பைசா. லாரி வாடகை, விளம்பரம், சம்பளம், லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 பைசா ஒதுக்கினால், ஷாம்புவுக்கும் உறைக்கும் நிரப்பும் கூலிக்கும் மிஞ்சுவது 50 பைசா. இதில் உறைத்தாள் விலை 2 பைசா ஏறினால்? ஒரு பாக்கெட்டில் அது தெரியாது. ஒரு கோடி பாக்கெட்டில் அது 2 லட்சம் ரூபாய். கச்சா எண்ணெயின் விலை உலகச் சந்தையில் ஏறும்போது பிளாஸ்டிக் தாளும் நுரை தரும் ரசாயனமும் சேர்ந்தே ஏறுகின்றன. பெட்டிக்கடையில் விலையை மாற்ற முடியாது. அப்படியானால் மாற்ற முடிவது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் அளவு.

விலையை நிறுத்தி எடையைக் குறைப்பது என்ற இந்த வழக்கம் ஷாம்புவில் மட்டும் இல்லை. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே வந்ததைக் குழந்தைகளும் அறிவார்கள். இதை ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் சரியல்ல, நியாயம் என்று ஒப்புக்கொள்வதும் சரியல்ல. எடை உறையில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது உண்மை. அதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே குறைக்கிறார்கள் என்பதும் உண்மை. கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்று உறையில் போட வேண்டும் என்ற விதி, 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் எடையளவுச் சட்டத்தின் கீழ் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

நாணயமே போய்விட்டால் விலையும் போய்விடும். 2011 ஜூன் மாத முடிவோடு 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும், கடைக்காரர் வாங்கமாட்டார். மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் வந்ததும், சில கடைகளில் ஷாம்பு பாக்கெட்டே சில்லறையாகக் கைமாறியதும் இப்படித்தான். 50 பைசாப் படி இடிந்து விழுந்ததும் கடைசிப் படி ஒரு ரூபாய் ஆகிவிட்டது.

வரி குறைந்தாலும் இதே சங்கடம். சரக்கு, சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது ஷாம்புவுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5. ஒரு ரூபாய் பாக்கெட்டில் வரிக் குறைப்பை முழுவதும் விலையில் கொடுத்தால் புது விலை 89 பைசா வரும். 89 பைசாவை எந்தக் கடையில் எப்படிக் கொடுப்பது? விலையை விட்டுவிட்டு அளவைக் கூட்டுவதே வாங்குபவருக்குப் பயன்படும் வழி. எடை மெலியும்போது காட்டிய வேகத்தை எடை கூடும்போதும் நிறுவனங்கள் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இந்தியப் பாக்கெட்டில் உலகப் பாடநூல்களுக்கு ஒத்துவராத இன்னொரு விசித்திரம் உண்டு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொது விதி. இந்திய ஷாம்புவில் பல பிராண்டுகளுக்கு, மில்லிக் கணக்கில் பார்த்தால் புட்டியைவிடப் பாக்கெட்தான் மலிவு. புட்டிக்கும் மூடிக்கும் ஆகும் பிளாஸ்டிக் செலவு ஒரு காரணம். ஒரு ரூபாய்க்குள் போட்டியாளரைவிடச் சற்று அதிகமாகப் போட வேண்டிய நெருக்கடி இன்னொரு காரணம். அதனால் புட்டி வாங்க வசதி உள்ள வீட்டிலும் குளியலறை ஆணியில் சரம் தொங்குகிறது. ஏழைக்கென்று செய்த பொருள் எல்லாருடைய பொருளாகிவிட்டது. பாக்கெட் வாங்குவது யாருக்கும் கூச்சமாக இல்லை.

கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளின் சந்தையைப் பற்றி 2004இல் எழுதிய நூலில் இந்தச் சிறு பாக்கெட் வியாபாரத்தை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தின் அனில் கர்னானி இதை மறுத்தார். பொட்டலத்தைச் சிறிதாக்குவது கைக்காசுக்கு வசதிதானே தவிர, ஒரு முறை பயன்படுத்தும் செலவு குறைந்தால்தான் ஏழைக்கு உண்மையில் மலிவு என்பது அவர் வாதம். இரண்டு பேரில் கர்னானியின் அளவுகோல்தான் சரியானது. மில்லிக் கணக்கில் புட்டியைவிட மலிவாக வந்த பாக்கெட் அந்த அளவுகோலில் தேறுகிறது. சிறிதாக வந்தாலும் மில்லிக் கணக்கில் விலை கூடிய பாக்கெட்டுகள் தேறுவதில்லை.

விலையையே பெயராக்கினால்

விலையிலிருந்து பொருளைச் செய்தவர்கள் வேறு பலரும் உண்டு. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969இல் தொடங்கிய நிர்மா சலவைத் தூள் கிலோ 3 ரூபாய் அளவில் விற்றது. இந்துஸ்தான் லீவரின் சர்ஃப் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். தன் மகள் நிருபமாவின் பெயரிலிருந்து அவர் பெயரை எடுத்தார். பாக்கெட்டில் வெள்ளைப் பாவாடை சுழல ஒரு சிறுமி; வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஊரே முணுமுணுத்த ஒரு பாட்டு. இந்துஸ்தான் லீவர் முதலில் விலையைக் குறைக்க மறுத்து, விலை குறைவு வேறு, வாங்குவதில் லாபம் வேறு என்று வாதிடும் ‘லலிதாஜி’ என்ற இல்லத்தரசியை விளம்பரத்தில் இறக்கியது. அலிக் பதம்சி உருவாக்கிய அந்தப் பாத்திரம் சர்ஃபின் மதிப்பைக் காப்பாற்றியது. ஆனால் நிர்மாவை நிறுத்தவில்லை. கடைசியில் நிர்மாவின் தளத்திலேயே போட்டியிட ‘வீல்’ என்ற தனிப் பெயரில் இன்னொரு தூளை அந்த நிறுவனம் கொண்டுவர வேண்டியிருந்தது. சர்ஃபின் விலையை வெட்டாமல், புதுப் பெயரில் கீழே இறங்கியதுதான் அதில் சரியான முடிவு. ஒரே பெயர் இரண்டு விலைப் படிகளில் நெடுநாள் நிற்க முடியாது.

டாடா நானோ காரின் கதை இதற்கு மறுபக்கம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பத்தைப் பார்த்ததில் பிறந்த எண்ணம் என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். ஜெனிவா கார் கண்காட்சியில் என்ன விலை இருக்கும் என்று செய்தியாளர் கேட்டபோது சுமார் ஒரு லட்சம் ரூபாய் என்றார். அதுவே தலைப்புச் செய்தியானது. மறுப்பதற்குப் பதிலாக அதையே இலக்காக ஏற்றுக்கொண்டார்கள். பொறியாளர்கள் செய்தது அருமையான வேலை. பின்பக்கம் வைத்த இரட்டை உருளை 624 சி.சி. இன்ஜின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு, வெளியிலிருந்து திறக்காத பின்கதவு. 2008 ஜனவரி 10ஆம் தேதி டெல்லி கண்காட்சியில் வண்டி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நடந்த நிலப் போராட்டம் காரணமாகத் தொழிற்சாலை குஜராத்தின் சனந்துக்குப் போனது, தாமதமும் ஆனது. ஆனால் வண்டி சரிந்ததற்கு அது மட்டும் காரணமல்ல.

ஊர் முழுக்க அதற்கு ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்றுதான் பெயர். விலையே பெயராகிவிட்டது. கார் என்பது வாசலில் நிற்கும் பொருள். பெண் பார்க்க வருபவரும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கும் பொருள். முதல் முறை கார் வாங்கும் குடும்பம் தான் ஒரு படி ஏறிவிட்டதை ஊருக்குச் சொல்லத்தான் அதை வாங்குகிறது. இருப்பதிலேயே மலிவான காரை வாங்கினோம் என்று சொல்ல அது விரும்பவில்லை. கொஞ்சம் கூடுதல் பணம் சேர்த்து பழைய மாருதியை வாங்கியது. மிக மலிவான கார் என்று விற்றது தவறு என்பதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி நின்றது.

சிக்கும் நானோவும் ஒரே முறையில் பிறந்தவை. இரண்டிலும் விலை முதலில் வந்தது; பொருள் அந்த விலைக்குள் செதுக்கப்பட்டது. ஒன்று தன் விலையை மல்லிகை மணத்துக்குப் பின்னால் வைத்தது. இன்னொன்று தன் விலையை நெற்றியில் எழுதிக்கொண்டது.

கணக்கில் சேராத செலவு

ஒரு ரூபாயை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று மேலே பார்த்த கணக்கில் ஓர் ஆளுக்குப் பங்கே இல்லை: கிழித்துப் போட்ட உறையைப் பொறுக்குபவருக்கு. பல அடுக்குகள் ஒட்டிய தாளைப் பிரித்து மறுபடி உருக்குவது கடினம். பழைய புட்டிக்குக் காயலான் கடையில் விலை உண்டு, பாக்கெட்டுக்கு இல்லை. விலை இல்லாத குப்பையை யாரும் பொறுக்குவதில்லை. அது வாய்க்காலை அடைக்கிறது, ஆற்றங்கரையில் கிடக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளரின் தலையில் வைத்தன; 2022இல் அதற்கான வழிமுறைகளும் இலக்குகளும் வந்தன. இந்தோனேசியாவில் பழைய பாக்கெட்டைக் கரைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் சோதனை ஆலையை யூனிலீவர் தொடங்கிப் பார்த்தது. எதுவும் இன்னும் தெருவில் தெரியும் அளவுக்கு மாற்றம் தரவில்லை.

அடக்க விலை என்றால் பொருள் பிறந்தது முதல் அது ஒழியும் வரை ஆகும் எல்லாச் செலவும்தான். காலி உறையைத் திரும்பப் பெறும் செலவை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு பாதிக் கணக்கு. இதைச் சொல்லும்போது, வழி தெரியவில்லை என்ற பதிலை நிறுவனங்கள் சொல்ல முடியாது. 1980களில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் 5 காலி ஷாம்பு பாக்கெட்டுகளுக்கு ஒரு புதுப் பாக்கெட் கிடைத்தது. சந்தையைப் பிடிக்கத்தான் அந்தத் திட்டம் போடப்பட்டது. ஆனாலும் அது நடந்தவரை காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தது. அது கடைக்குத் திரும்பி வந்தது.